ஓய்வில் இருக்கும் செல்லையும் அளக்க வேண்டும்

சோதனைக்கென எடுத்து வைத்திருந்த எட்டு 18650 செல்களில் (18 மில்லி மீட்டர் விட்டமும் 65 மில்லி மீட்டர் நீளமும் உள்ள உருளை வடிவ லித்தியம் அயனி செல்கள்), ஆறாம் எண் இட்ட செல்லிலிருந்துதான் இந்தப் பதிவைத் தொடங்க வேண்டும். எட்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை. ஒரே தொகுதி எண்ணைத் தாங்கியவை. கொள்திறன் சோதனையில் ஆறாம் செல் 3,382 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) கொடுத்து, எட்டில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. அதன் உள்தடையும் மற்றவற்றோடு ஒத்திருந்தது; மின்னிறக்கத்தின்போது உடல் வெப்பமும் ஏறவில்லை. அந்த அளவில் சோதனையை முடித்திருந்தால், எட்டையும் ஒரே பேட்டரித் தொகுப்பில் கோத்திருப்பேன்.

எட்டையும் மீண்டும் முழுமையாக மின்னேற்றி, இரண்டு நாள் ஆறவிட்டு, மின்னழுத்தத்தை ஒரு மில்லி வோல்ட்டுக்கும் கீழே படிக்கக்கூடிய மீட்டரால் குறித்துக்கொண்டு, 25 டிகிரி செல்சியஸில் நிலைநிறுத்திய பெட்டியில் 21 நாள் வைத்திருந்தேன். மறுபடி அளந்தபோது ஏழு செல்கள் 6 முதல் 9 மில்லி வோல்ட் வரை இறங்கியிருந்தன. ஆறாம் செல் 71 மில்லி வோல்ட் இறங்கியிருந்தது.

முழு மின்னேற்றத்தின் அருகே இவ்வகைச் செல்லில் ஒரு விழுக்காடு மின்னூட்டம் குறைந்தால் மின்னழுத்தம் ஏறத்தாழ 10 மில்லி வோல்ட் குறையும் என்ற கணக்கில், அந்தச் செல் 504 மணி நேரத்தில் சுமார் 240 எம்ஏஎச் இழந்திருக்கிறது. அதாவது, யாரும் எதையும் இணைக்காத நிலையில், உள்ளுக்குள்ளேயே ஏறத்தாழ அரை மில்லி ஆம்பியர் ஓயாமல் கசிந்திருக்கிறது. அரை மில்லி ஆம்பியர் கசிவு உண்டாக்கும் வெப்பம் இரண்டு மில்லி வாட். கையாலும் தெரியாது, வெப்பமானியாலும் தெரியாது. ஐந்து மணி நேரம் ஓடும் கொள்திறன் சோதனையில் அது தின்பது 2.5 எம்ஏஎச் மட்டுமே. 3,382 என்ற எண்ணுக்குள் அது சுவடின்றிக் கரைந்துவிடும். செல்லின் உள்ளே இருப்பது உலோகத் துகளா, பிரிப்புச் சவ்வின் சிறு குறையா, உலோக லித்தியத்தின் முளையா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் இரு மின்வாய்களுக்கும் நடுவே இருக்கக் கூடாத ஒரு பாதை இருக்கிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். இயங்கும்போது செல்லை அளப்பதைப்போலவே அது சும்மா கிடக்கும்போதும் அளக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

கொள்திறன் என்ற எண்ணையே முதலில் ஒழுங்காகப் புரிந்துகொள்ள வேண்டும். செல்லின் உறையில் அச்சிட்டிருக்கும் எண் அதன் உடலில் நிலையாகப் பதிந்த ஒரு பண்பு அன்று. குறிப்பிட்ட வெப்பநிலையில், குறிப்பிட்ட மின்னோட்டத்தில், குறிப்பிட்ட மின்னழுத்த எல்லைகளுக்கு இடையே அளந்தால் கிடைக்கும் விளைவு. வழக்கமான முறையில், 4.2 வோல்ட் எட்டும்வரை மாறா மின்னோட்டத்திலும், அதன்பின் அதே 4.2 வோல்ட்டில் நிறுத்தி மின்னோட்டம் ஓரிரு விழுக்காட்டுக்குத் தணியும்வரையிலும் மின்னேற்றுவார்கள். சிறிது ஆறவிட்டு, 0.2 சி வீதத்தில், அதாவது முழுக் கொள்திறனையும் ஐந்து மணி நேரத்தில் இறக்கக்கூடிய மின்னோட்டத்தில், 2.5 வோல்ட் வரை இறக்குவார்கள். இவற்றில் ஒன்றை மாற்றினாலும் எண் மாறும். பானசோனிக்கின் என்சிஆர்18650பி என்ற புகழ்பெற்ற செல்லின் தரவுத்தாளிலேயே மூன்று எண்கள் இருக்கின்றன: 20 டிகிரியில் அறுதியிட்ட கொள்திறன் 3,200, 25 டிகிரியில் குறைந்தபட்சம் 3,250, அதே 25 டிகிரியில் வழக்கமாகக் கிடைப்பது 3,350. மூன்றும் உண்மை. ஒருவர் 2.5 வோல்ட் வரை இறக்கியும் மற்றொருவர் 3.0 வோல்ட்டில் நிறுத்தியும் பெற்ற எண்களை அருகருகே வைத்து எது சிறந்த செல் என்று வாதிடுவதில் பொருளே இல்லை.

பொய்யான எண்களை இனம்காண மீட்டர்கூடத் தேவையில்லை, தராசு போதும். இன்று தயாராகும் உயர்கொள்திறன் 18650 செல்கள் ஏறத்தாழ 3,500 எம்ஏஎச் அளவில் நிற்கின்றன. எடை 45 முதல் 50 கிராம் வரை. 3.5 ஆம்பியர் மணியைச் சராசரி மின்னழுத்தமான 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட் மணி. 48 கிராம் எடைக்கு அது ஒரு கிலோவுக்கு 260 வாட் மணிக்குச் சற்று மேல். இதே அளவு உருளையின் மீது 9,900 எம்ஏஎச் என்று அச்சிட்டால், கிலோவுக்கு எழுநூறு வாட் மணியைத் தாண்டும் ஒன்றை அது கோருகிறது. இன்றைய லித்தியம் அயனி வேதியியலில் அதற்கு இடமே இல்லை. அப்படிப்பட்ட உறையோடு என்னிடம் வந்த ஒரு செல் தராசில் 31 கிராம் காட்டியது. அளந்தபோது 1,100 எம்ஏஎச்சுக்குச் சற்று மேல் கொடுத்தது. கொள்திறன் குறைவு என்பதைவிட எனக்குக் கவலை தந்தது வேறு: எண்ணில் பொய் சொன்னவர், உள்ளே அழுத்தத் திறப்பும் மின்துண்டிப்பு அமைப்பும் வைத்திருப்பார் என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

உள்தடை அளவீட்டில் தவறுகள் எளிதில் நுழைகின்றன. ஒரு நல்ல உயர்கொள்திறன் செல்லின் உள்தடை சில பத்து மில்லி ஓம்களில் இருக்கும். சுருள்வில் வைத்த சாதாரணப் பிடிப்பானின் தொடுதடையே அந்த அளவுக்கு வந்துவிடும். ஆகவே மின்னோட்டத்தை இரு கம்பிகளிலும் மின்னழுத்தத்தை வேறு இரு கம்பிகளிலும் எடுக்கும் நான்கு கம்பி முறையைத் தவிர வேறு எதையும் நான் ஏற்பதில்லை. அதிலும் 1 கிலோ ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டத்தில் கிடைக்கும் எண் வேறு. சில விநாடிகள் நேர்மின்னோட்டத் துடிப்பு கொடுத்து மின்னழுத்தச் சரிவிலிருந்து கணக்கிடும் எண் வேறு. முன்னது பெரும்பாலும் உலோகப் பகுதிகளையும் மின்பகுளியையும் மட்டும் காண்கிறது. பின்னது மின்வாய்ப் பரப்பில் நடக்கும் வினைகளையும் சேர்த்துக்கொள்வதால் எப்போதும் பெரிதாக இருக்கும். செல் சூடாவதைக் கணிக்க வேண்டுமென்றால் பின்னதைத்தான் எடுக்க வேண்டும். 10 ஆம்பியரில் 50 மில்லி ஓம் என்றால் 5 வாட் வெப்பம். விரல் பருமனுள்ள ஓர் உருளைக்கு அது மிக அதிகம். நடுவில் ஒட்டிய வெப்ப உணரி 60 டிகிரி காட்டும்போது, சுருளின் மையத்தில் அதைவிடக் கூடுதலான வெப்பம் இருக்கிறது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

உயர்கொள்திறன் செல்லையும் உயர்மின்னோட்டச் செல்லையும் குழப்பிக்கொள்வதும் இங்கேதான். ஒரே உருளைக்குள் கூடுதல் ஆற்றலை அடைக்க வேண்டுமென்றால், உலோகத் தகட்டின் மீது பூசும் வினைப்பொருளின் தடிமனைக் கூட்ட வேண்டும்; தகட்டையும் பிரிப்புச் சவ்வையும் மெலிதாக்க வேண்டும்; நேர்மின்வாயில் நிக்கலின் பங்கை உயர்த்த வேண்டும்; எதிர்மின்வாயின் கிராஃபைட்டோடு சிலிக்கனைக் கலக்க வேண்டும். தடித்த பூச்சில் அயனிகள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருப்பதால் பெரிய மின்னோட்டத்தைக் கேட்டால் மின்னழுத்தம் சரிகிறது. கிராஃபைட் கிராமுக்கு 372 எம்ஏஎச் தாங்கும் இடத்தில் சிலிக்கன் 3,500க்கும் மேல் தாங்கும். ஆனால் அது முழுமையாக லித்தியத்தை ஏற்கும்போது ஏறத்தாழ நான்கு மடங்கு பருமனாகிறது. நிக்கல் கூடக்கூட, மின்னேற்றிய நேர்மின்வாய்ப் பொருள் குறைந்த வெப்பநிலையிலேயே ஆக்சிஜனை வெளிவிடத் தொடங்குகிறது. கொள்திறனைக் கூட்டும் ஒவ்வொரு வழியும் பாதுகாப்பின் விளிம்பிலிருந்து சிறிதளவைக் கடனாக வாங்குகிறது என்றே இதை நான் பார்க்கிறேன். இரும்பு பாஸ்பேட் செல்களில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால் அந்த விளிம்பு அகலமாக இருக்கிறது. அதற்கு விலையாக 3.2 வோல்ட் மின்னழுத்தத்தையும் குறைந்த ஆற்றலையும் ஏற்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கடனின் அளவை ஓர் எளிய கணக்கால் காணலாம். 12.6 வாட் மணி என்பது 45 கிலோ ஜூலுக்குச் சற்று மேல். செல்லின் வெப்ப ஏற்புத்திறன் கிராமுக்கு டிகிரிக்கு ஏறத்தாழ ஒரு ஜூல் என்று கொண்டால், 48 கிராம் செல்லில் சேமித்த மின்னாற்றல் முழுவதும் வெளியேறாமல் உள்ளேயே வெப்பமாக மாறும்போது, வெப்பநிலை தொள்ளாயிரம் டிகிரிக்கும் மேல் உயரும். மின்பகுளி எரிவதால் வரும் வெப்பம் இந்தக் கணக்கில் இல்லை. செல்லின் பாதுகாப்பு என்று நாம் பேசுவதெல்லாம் இந்த 45 கிலோ ஜூல் ஒரே நேரத்தில் வெளிவராமல் காப்பதைப் பற்றியதே.

அது வெளிவரும் வழி படிப்படியானது. எதிர்மின்வாயின் மீது படிந்திருக்கும் காப்புப் படலம் 80, 90 டிகிரியிலிருந்து சிதையத் தொடங்கி மெதுவாக வெப்பத்தை உமிழ்கிறது. 130 டிகிரியை ஒட்டி பாலிஎத்திலீன் பிரிப்புச் சவ்வு உருகித் துளைகளை அடைத்துக்கொள்கிறது. அது ஒரு பாதுகாப்பு என்றாலும், வெப்பம் இன்னும் ஏறினால் சவ்வே சுருங்கி மின்வாய்கள் நேரடியாகத் தொட்டுக்கொள்கின்றன. அதற்கும் மேலே நேர்மின்வாய் ஆக்சிஜனை விடுகிறது; அதன்பின் வினை தன்னைத்தானே வேகப்படுத்திக்கொண்டு விநாடிகளில் முடிந்துவிடுகிறது. இந்தப் படிகளை ஆய்வகங்களில் அளக்கும் கருவி, செல்லை ஐந்தைந்து டிகிரியாகச் சூடாக்கி, காத்திருந்து, செல் தானாகவே சூடேறுகிறதா என்று தேடுகிறது, நிமிடத்துக்கு 0.02 டிகிரி ஏற்றம் கண்டாலே, செல்லிலிருந்து வெப்பம் வெளியேறாதபடி சுற்றுச்சூழலையும் அதனோடு சேர்த்து உயர்த்துகிறது. ஒரு சோதனை முழுநாளையும் கடந்து நீளலாம். வெடிப்பைக் காட்டும் காணொளிகளைவிட, அந்த மெதுவான தொடக்கத்தின் வெப்பநிலைதான் ஒரு செல்லைப் பற்றி எனக்குக் கூடுதலாகச் சொல்கிறது.

தரநிலைச் சோதனைகளைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் 38.3 என்ற சோதனைத் தொகுதியைத் தாண்டிய செல் ‘பாதுகாப்பானது’ என்று விளம்பரம் செய்கிறார்கள். அது போக்குவரத்துக்கான சோதனை. சரக்கு விமானத்தில் அழுத்தம் குறைந்தால் என்ன ஆகும் என்று பார்க்க 11.6 கிலோ பாஸ்கல் அழுத்தத்தில் ஆறு மணி நேரம் வைக்கிறார்கள். 72 டிகிரிக்கும் மைனஸ் 40 டிகிரிக்கும் இடையே மாறி மாறி வைக்கிறார்கள். அதிர்வையும் மோதலையும் கொடுக்கிறார்கள். 57 டிகிரியில் வெளிக் குறுக்குச்சுற்று செய்கிறார்கள். செல்லின் மேல் 15.8 மில்லி மீட்டர் தடிமனுள்ள கம்பியைக் கிடத்தி அதன் மேல் 9.1 கிலோ எடையை 61 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிடுகிறார்கள். ஐஇசி 62133, யுஎல் 1642 போன்ற தரநிலைகளில் செல்லை 130 டிகிரி வரை சூடாக்கி நிறுத்திவைக்கும் சோதனையும் உண்டு. இவை யாவும் அவசியமானவை. ஆனால் இவை ஒரு வடிவமைப்பைச் சோதிக்கின்றன. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒற்றைச் செல்லைச் சோதிப்பதில்லை.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை 2006ஆம் ஆண்டு உலகம் கண்டது. சோனி தயாரித்த மடிக்கணினிச் செல்களுக்குள் உற்பத்தியின்போது நுழைந்த நுண்ணிய உலோகத் துகள்கள் உள் குறுக்குச்சுற்றை உண்டாக்கக்கூடும் என்று தெரியவந்து, டெல் நிறுவனம் மட்டுமே 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. சில மாதிரிகளை எடுத்து நசுக்கியும் சூடாக்கியும் பார்க்கும் எந்தச் சோதனையும், பல்லாயிரத்தில் ஒன்றில் மட்டும் இருக்கும் துகளைக் கண்டுபிடிக்காது. அதை அடுத்து ஜப்பான் 2007இல் வெளியிட்ட ஜேஐஎஸ் சி 8714 என்ற தரநிலை, ஒரு புதிய சோதனையைக் கொண்டுவந்தது: மின்னேற்றிய செல்லைத் திறந்து, சுருளை விரித்து, ‘எல்’ வடிவில் வளைத்த மிகச் சிறிய நிக்கல் துண்டை உள்ளே வைத்து, மீண்டும் சுருட்டி, அழுத்தியை இறக்கி, சவ்வு கிழியும் அந்தக் கணத்தில் நெருப்பு வருகிறதா என்று பார்ப்பது. ஆணியைக் குத்திப் பார்ப்பதைவிட இது உண்மைக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. ஆணி ஒரே நேரத்தில் பல அடுக்குகளை இணைத்துவிடுவதோடு, தன் உடலாலேயே வெப்பத்தையும் கடத்திச் செல்கிறது. துகள் ஓர் அடுக்கில், ஒரு புள்ளியில், தனியாக நின்று வேலை செய்யும்.

சான்றிதழ் பேசாத இன்னொன்று முதுமை. தரநிலைச் சோதனைகளுக்குப் போவது பெரும்பாலும் புதிய செல்கள். ஐநா சோதனையில் சில படிகளுக்கு 25 அல்லது 50 சுழற்சி (ஒருமுறை மின்னேற்றி இறக்குவது ஒரு சுழற்சி) கண்ட மாதிரிகளையும் சேர்க்கிறார்கள், அவ்வளவே. கிராஃபைட் மின்வாய் மின்னேற்றத்தின்போது உலோக லித்தியத்தின் மின்னழுத்தத்துக்கு ஏறத்தாழ 0.1 வோல்ட் மேலே மட்டுமே நிற்கிறது. குளிரில், குறிப்பாக 0 டிகிரிக்குக் கீழே, அல்லது அளவுக்கு மீறிய வேகத்தில் மின்னேற்றினால் அந்தச் சிறு இடைவெளி மறைந்து, லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிகிறது. அப்படிப் படிந்த செல் மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே தானாகச் சூடேறத் தொடங்குவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கொள்திறன் இன்னும் எண்பது விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாம். பயனாளருக்குச் செல் நன்றாகவே உழைப்பதாகத் தோன்றும். ஆனால் அது இனிமேல் சான்றிதழ் பெற்ற அந்தச் செல் அன்று.

இதையும் ஓய்வில்தான் காணலாம். குளிரில் மின்னேற்றி நிறுத்தியவுடன் செல்லின் மின்னழுத்தத்தைத் தொடர்ந்து பதிவு செய்தால், நல்ல செல்லில் அது சீரான வளைவாக இறங்கித் தணியும். மேற்பரப்பில் லித்தியம் படிந்திருந்தால், அது மெல்லக் கரைந்து கிராஃபைட்டுக்குள் புகுந்து முடியும்வரை, வளைவின் நடுவே மின்னழுத்தம் ஏறத்தாழ இறங்காமல் நிற்கும் ஒரு சிறிய திட்டு தோன்றும். அந்தத் திட்டை நான் முதன்முதலில் திரையில் பார்த்த அன்று, மின்னேற்றம் முடிந்ததும் பதிவை நிறுத்திவிடும் பழைய வழக்கத்தைக் கைவிட்டேன். இப்போது என் பதிவுகள் மின்னோட்டம் நின்றபின் குறைந்தது நான்கு மணி நேரம் தொடர்கின்றன.

சுழற்சி ஆயுளைப் பொறுத்தவரை, ஒரு சுழற்சியில் உள்ளே சென்ற மின்னூட்டத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற விகிதமே ஆழமான அளவு. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் பேட்டரி ஆய்வாளர் ஜெஃப் டான் இதை மிகத் துல்லியமாக அளக்கும் முறையை வளர்த்தெடுத்தார். அந்த விகிதத்தில் வரும் குறை முழுவதும் மீளா இழப்பு என்று எளிமைக்காகக் கொண்டால், 99.9 விழுக்காடு திரும்பும் செல் 500 சுழற்சிகளில் 61 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும்; 99.99 விழுக்காடு திரும்பும் செல் 95 விழுக்காட்டில் நிற்கும். முதல் சில சுழற்சிகளில் இந்த இரண்டையும் வேறுபடுத்த வேண்டுமென்றால் கருவி பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிட நுட்பமாக அளக்க வேண்டும். வீட்டு மேசைக் கருவிகள் அந்த எண்ணைத் திரையில் காட்டினாலும், அவற்றின் துல்லியம் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை; அதைப் பொருட்படுத்தாமல் விடுவதே நேர்மை.

வீட்டில் நான் செய்யாதவற்றையும் சொல்ல வேண்டும். ஆணி குத்துவது, மிகைமின்னேற்றம், நசுக்குவது, சூடாக்குவது ஆகியவற்றை நச்சு வாயுவை வெளியேற்றும் வசதியுள்ள ஆய்வகத்துக்கு வெளியே யாரும் செய்யக் கூடாது. மின்பகுளியில் இருக்கும் ஃபுளோரின் உப்பு சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடை வெளிவிடும். அது நுரையீரலை அரிக்கும். முழுக்க இறங்கி 0 வோல்ட் அருகே கிடந்த செல்லை மீட்டெடுக்கவும் நான் முயல்வதில்லை. அந்நிலையில் எதிர்மின்வாயின் செப்புத் தகடு கரைந்து, மறுபடி மின்னேற்றும்போது வேறிடங்களில் செம்பாகப் படியும். மின்னேற்றத்தில் இருக்கும் செல்லை விட்டு அகல்வதில்லை. காற்றுப் புகாத உலோகப் பெட்டியில் பூட்டிவைப்பதும் தவறு. வாயு அழுத்தம் சேர்ந்து பெட்டியே வெடிபொருளாகிவிடும். தனிச்செல் தீப்பற்றினால் வேண்டியது குளிர்விப்பது, அதற்கு நிறையத் தண்ணீரைப்போல வேறொன்றும் இல்லை. தூள் தெளிப்பான் சுடரை அடக்கினாலும் உள்ளே நடக்கும் வினையை நிறுத்தாது.

ஆறாம் செல்லை 2.5 வோல்ட் வரை மெதுவாக இறக்கி, இரு முனைகளிலும் காப்பு நாடா ஒட்டி, மறுசுழற்சிக்குச் செல்லும் டப்பாவில் தனியாக வைத்துவிட்டேன். மீதி ஏழு செல்களையும் இன்னொரு 21 நாள் காத்திருக்க வைத்திருக்கிறேன். அதன் பிறகே தொகுப்பு வேலை தொடங்கும்.